அந்த அரையிறுதியில் நாம் யாருக்காகக் கத்தினோம்?

விளையாட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டதும், ஸ்ரீ கெம்பாங்கானில் பள்ளி விட்டதும் நாங்கள் ஓடிப்போய் உட்காரும் சைபர் கஃபேதான் நினைவுக்கு வந்தது.

நான் சிறு வயதிலேயே ஹாக்கிப் பைத்தியம். கணினியில் ஹாக்கி என்று போட்டிருந்த விளையாட்டைத் திறந்தால், பனித்தளத்தில் சறுக்கும் கனடா, அமெரிக்க ஆட்டக்காரர்கள்தான் வந்தார்கள். 1991 முதல் வெளிவரும் என்.எச்.எல். வரிசை அது. திடலில் ஆடும் நம் வளைகோல் பந்தாட்டம் அங்கே இல்லை. அதனால் என்ன? கோல் போட்டதும், "சண்முகநாதன்!" என்று கத்துவேன். பக்கத்து நாற்காலிப் பையன், "யாருடா அது?" என்பான்.

அந்தக் கேள்விக்குப் பதில் என் தாத்தா சொன்ன கதையில் இருக்கிறது.

1975 மார்ச் மாதம் மூன்றாவது உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டி கோலாலம்பூரில் நடந்தது. 12 நாடுகள் மோதின. மலேசியக் குழுவுக்குத் தலைவர் ஸ்ரீ சண்முகநாதன். மகேந்திரன், பூன் ஃபூக் லோக், மொஹிந்தர் சிங், கைருடின் என்று எல்லா இனத்தவரும் அதில் இருந்தார்கள். நடப்பு வெற்றியாளரான ஹாலந்தைத் தாண்டி நம் குழு அரையிறுதிக்குள் நுழைந்தது. எதிரே இந்தியா!

மெர்டேக்கா அரங்கில் மலேசியா 2-1 என்று முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய அஸ்லாம் ஷேர் கான், பெனால்டி கார்னரில் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் போட்ட கோலால் இந்தியா 3-2 என வென்றது.

மார்ச் 15-ல் நடந்த இறுதியாட்டத்தில் பாகிஸ்தானை 2-1 என வீழ்த்தி இந்தியா கிண்ணத்தைத் தூக்கியது. தியான் சந்தின் மகன் அசோக் குமார் அடித்த வெற்றி கோலை பாகிஸ்தான் ஏற்க மறுத்தது. கோல்தான் என்று தீர்ப்புச் சொன்ன நடுவர் மலேசியாவின் விஜயநாதன். நமக்கு நான்காவது இடம். உலகக் கிண்ணத்தில் மலேசியாவின் ஆகச் சிறந்த நிலை இன்றும் அதுதான்.

இந்தியக் குழுவில் தமிழ்நாட்டுக்காரர் பிலிப்ஸும் இருந்தார். "அப்போ நீங்க யாரு பக்கம் தாத்தா?" என்று கேட்டேன். "ரெண்டு பக்கமும் நம்ம பிள்ளைங்கதான்யா. ஆனா தொண்டை கட்டினது மலேசியாவுக்குக் கத்தித்தான்" என்றார். நாடு சுதந்திரம் பெற்று 18 ஆண்டுகள்கூட நிறைவடையாத காலம் அது. இந்த மண்தான் நம் மண் என்பதை எந்த மேடையிலும் ஏறாமல் அவர் சொல்லிவிட்டார்.

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தளம் வந்தது. தோட்டத்துத் திடலும் பள்ளித் திடலும் போதும் என்ற நிலை மாறி, ஹாக்கி செலவு பிடிக்கும் ஆட்டமானது. நம் பிள்ளைகள் பலர் ஒதுங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனாலும் கதை முடியவில்லை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு அரையிறுதியில் மீண்டும் இந்தியா. 2-2 என்ற சமநிலைக்குப் பின், பெனால்டி ஷூட்டவுட்டில் மலேசியா 7-6 என வென்றது. கோல் காவலர் நம் எஸ். குமார்! அதைப் பார்க்க தாத்தா இல்லை. அவருக்கும் சேர்த்து நான் கத்தினேன்.

பெற்றோர்களே, பிள்ளைகள் திரையில் விளையாடட்டும், தவறில்லை. ஆனால் ஒரு நாள் புக்கிட் ஜாலில் ஹாக்கி அரங்கிற்கும் அழைத்துப் போங்கள். சண்முகநாதன் யார் என்று அவர்கள் கேட்டால், பதில் நம்மிடம் இருக்க வேண்டும்.