லாகின் ஆனதும் யார் முதல்ல?

ஒத்தக்கடையில என் ரூம்ல இருந்து பேசுறேன். பின்னாடி ஹாரன் கேட்டா அது மேலூர் ரோடு, கண்டுக்காதீங்க.

போன மாசம் ஒருநாள் காலையில் லேப்டாப்பைத் திறந்து லாகின் பண்ணினேன். வெளி ஹார்ட் டிஸ்கில் 'அப்பத்தா'ங்கிற ஃபோல்டர் காலி. 2010 வாக்கில் யானைமலையைச் சிற்ப நகரம் ஆக்கப் போறாங்கன்னு பேச்சு வந்தப்போ ஊரே எப்படி எதிர்த்து நின்னுச்சுன்னு அவங்க சொன்ன ரெக்கார்டிங் எல்லாம் அதுலதான் இருந்துச்சு. அப்பத்தா இப்போ இல்லை.

என் லினக்ஸில் லாகின் ஆனதும் பின்னணியில் ரெண்டு சர்வீஸ் ஓடும். முதலாவது, ஆர்க்ளோன் வழியா கிளவுடை ஒரு ஃபோல்டரா மவுன்ட் பண்ணும். ரெண்டாவது, அந்த ஃபோல்டரை அப்படியே ஹார்ட் டிஸ்குக்கு நகலெடுக்கும். அங்கே இல்லாததை இங்கேயும் அழிச்சிடும். அன்னைக்கு மவுன்ட் ஆகுறதுக்கு முன்னாடியே ரெண்டாவது கிளம்பிடுச்சு. காலி ஃபோல்டரைப் பார்த்தது, ஹார்ட் டிஸ்கையும் காலி பண்ணிடுச்சு. சொன்ன வேலையைச் சரியாத்தான் செஞ்சிருக்கு, பாவம்.

இது புரியணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும். பழைய சிஸ்டம் ஃபைவ் முறையில் ஒவ்வொரு ஸ்கிரிப்ட் பேருக்கு முன்னாடியும் ஒரு எண் இருக்கும். 10 முடிஞ்சாத்தான் 20. ரேஷன் கடை வரிசை மாதிரி மெதுவா நகரும், ஆனா வரிசை குலையாது. டெஸ்க்டாப்பில் லாகின் ஆனதும் ஓடுற புரோகிராம்களுக்கு அந்த வரிசையும் கிடையாது; 'பத்து விநாடி தூங்கு'ன்னு ஒரு வரி எழுதிட்டு சாமியைக் கும்பிடுவோம். 2005ல் ஆப்பிள் லான்ச்டி கொண்டுவந்தது. 2006ல் உபுண்டு அப்ஸ்டார்ட்டுக்கு மாறுச்சு. 2010 ஏப்ரலில் லென்னார்ட் பாட்டரிங் ஒரு நீண்ட கட்டுரையில் சிஸ்டம்டியை அறிமுகப்படுத்தினார்: வரிசையில் நிக்க வேண்டாம், எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்புங்க, யாருக்கு யார் தேவைன்னு மட்டும் எழுதி வைங்க. 2011ல் ஃபெடோரா 15 ஏத்துக்கிட்டது. டெபியனில் பெரிய சண்டை. 2014 பிப்ரவரியில் தொழில்நுட்பக் குழு ஓட்டு நாலுக்கு நாலு, தலைவர் ஓட்டில்தான் சிஸ்டம்டி ஜெயிச்சுது. மூணே நாளில் உபுண்டுவும் பின்னாடியே வருவதா அறிவிச்சது. சென்னை சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான், அதனால அந்த ஒரு ஓட்டு நம்ம ஊர் வரைக்கும் வந்துச்சுன்னு சொல்லலாம்.

வேகம் கிடைச்சுது. ஆனா வரிசை தானா கிடைக்கிறது நின்னுபோச்சு. 'ரிக்வயர்ஸ்'னு எழுதினா, இவன் இல்லாம நான் இல்லைன்னு அர்த்தம். யார் முதல்ல என்பது அதில் வராது. 'ஆஃப்டர்' என்பது வரிசை மட்டும். அது யாரையும் கூப்பிட்டு வராது. நான் ரெண்டையும் எழுதியிருந்தேன். அப்புறம் ஏன் சொதப்புச்சு?

ஜர்னல்சிடிஎல் கட்டளையை யூசர் ஆப்ஷனோட போட்டுப் பார்த்தா, ரெண்டு சர்வீஸும் ஒரே விநாடியில். மவுன்ட் சர்வீஸின் டைப்பை 'சிம்பிள்'னு விட்டிருந்தேன். அப்படின்னா புரோகிராம் கிளம்பின உடனே 'ஆரம்பிச்சாச்சு'ன்னு சிஸ்டம்டி கணக்கு வச்சுக்கும். கிளவுட் வந்து சேர்ந்துச்சான்னு பார்க்காது. நெட் வர்ற வரைக்கும் காத்திருன்னு நான் சேர்த்த 'நெட்வொர்க் ஆன்லைன்' வரியும் வீண். அது சிஸ்டம் பக்கத்து டார்கெட். யூசர் பக்கத்து மேனேஜர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. நான் அதிக நேரம் தொலைச்சது இந்த ஒரு வரியிலதான்.

இப்போ டைப்பை 'நோட்டிஃபை'ன்னு மாத்தியாச்சு. மவுன்ட் முடிஞ்சதும் ஆர்க்ளோனே தகவல் சொல்லும். நெட் இல்லாம தோத்தா மறுபடி முயற்சி பண்ண 'ரீஸ்டார்ட்' வரி ஒண்ணு. நகல் சர்வீஸில், அந்த ஃபோல்டர் நிஜமாவே மவுன்ட் பாயின்ட்தானான்னு பார்க்குற கண்டிஷன் ஒண்ணு. இல்லைன்னா ஓடவே ஓடாது. இதை அந்த ஸ்கிரிப்ட் எழுதின முதல் நாளே போட்டிருக்கணும்.

கிளவுடில் மூலம் அப்படியே இருந்துச்சு. திரும்ப இறக்க ரெண்டு ராத்திரி ஆச்சு. அடுத்த எபிசோடில் அப்பத்தா பேசுவாங்க.