ஒரு துளி எண்ணெய்

2008 முதல் சில ஆண்டுகள் தமிழகத்தை மின்வெட்டு வாட்டியபோது, திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகள் பல டீசல் ஜெனரேட்டர்களையே நம்பியிருந்தன. அவ்வெஞ்சின்களின் உயிர்நிலை, எண்ணெயைத் தெளிக்கும் சிறு கருவியே.

ருடால்ஃப் டீசல் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் தம் எஞ்சினை வெற்றியுடன் ஓட்டிக் காட்டினார். ஆயினும் எண்ணெயை உள்ளே ஊதிச் செலுத்தப் பெரியதொரு காற்றழுத்தியும் உடன் வேண்டியிருந்தது. யானைக்குப் பாகனும் யானையே! டீசல் 1913-இல் கடலில் மறைந்தார். எண்ணெயை அளந்து அழுத்தும் சிறு பம்பை ராபர்ட் போஷ் நிறுவனம் பெருவாரியாகச் செய்யத் தொடங்கியது 1927-இல்தான். 1951-இல் பெங்களூரில் நிறுவப்பெற்ற மைக்கோ, அத்தகைய பம்புகளை நம் நாட்டிலேயே செய்தது.

பழைய முறை எஞ்சின்களில், ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தத்தில்தான் தெளிப்பானின் ஊசி எழும்பும். அதன் சுருள்வில் தளர்ந்தால் எண்ணெய் பனித்தூவலாகாது சொட்டும், கரும்புகை எழும். பட்டறையில் கைப்பம்பை அழுத்தி, மானியின் முள்ளை நோக்கி, மெல்லிய தகடொன்றை வில்லின்மேல் சேர்த்துச் சரிசெய்வர்.