நிகழ்நேரப் போக்குவரத்து நெறிமுறைகள்

குரலையும் காணொளியையும் வலையமைப்பில் உரையாடலின் வேகத்துக்கு ஈடாகக் கொண்டுசெல்லும் விதிமுறைகள். அடிப்படையானவை யூடிபி (1980), டிசிபி (1981).

டிசிபி, தொலைந்த பொட்டலத்தை மீண்டும் அனுப்பும். அது வரும்வரை பின்னால் வந்தவற்றை நிறுத்திவைக்கும். கோப்புகளுக்கு இது இன்றியமையாதது, பேச்சுக்கோ கேடு. ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் அடங்கினால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டல். யூடிபி காத்திருப்பதில்லை, வரிசையும் பார்ப்பதில்லை. அதன்மேல் அமரும் ஆர்டிபி (1996) வரிசை எண்ணையும் நேரமுத்திரையையும் சேர்ப்பதால், காலம் கடந்த பொட்டலத்தைப் பெறுமுனை கைவிடலாம். நேரடி உரையாடலுக்கு இந்த இணையே பொருத்தம்.

குயிக் (2021) யூடிபி மீது இயங்குகிறது. ஒரு தரவு ஓடையில் நேரும் இழப்பு மற்ற ஓடைகளைத் தடுக்காது. ஏற்காட்டு மலைப்பாதையில் ஏறும் அலைபேசி வைஃபையை விட்டு மொபைல் வலையமைப்புக்கு மாறினாலும், இணைப்பு அடையாள எண் தொடர்பைக் காக்கும்.

நெறிமுறைத் தேர்வு மட்டும் போதாது என்பதற்குத் தேனியே சான்று. அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமக் கண் மையங்களை நெடுந்தூர வைஃபையால் இணைத்தது. மருத்துவர்கள் தொலைவிலிருந்தே காணொளியில் நோயாளிகளுடன் பேசினர். அன்றைய வழக்கமான வைஃபை ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒப்புகை கேட்டது. பல கிலோமீட்டர் தொலைவில் அந்தக் காத்திருப்பே திறனைத் தின்றது. இத்திட்டத்தில் இணைந்திருந்த பெர்க்கிலி ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட வைல்டுநெட் வடிவமைப்பு நேரப்பங்கீடு, மொத்த ஒப்புகை, முன்கூட்டிய பிழைதிருத்தம் மூன்றையும் புகுத்தி, டிசிபியின் வேகத்தை 2 முதல் 5 மடங்கு உயர்த்தியது.