வாரியம் ஒழிந்த பிறகு

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வருகிறவர்கள் குடவோலையைப் பற்றித்தான் கேட்பார்கள். யார் ஓட்டுப் போட்டார்கள், குடம் எப்படி இருந்தது, லஞ்சம் வாங்கினால் என்ன தண்டனை என்பதாகவே கேள்விகள் இருக்கும். குடவோலை விதிகளை வெட்டிய அதே கருங்கல் வரிசையில் வயதைப் பற்றியும் ஒரு விதி வெட்டியிருக்கிறது. அதை நின்று பார்க்கிறவர்கள் குறைவு. என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த விதிதான்.

முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919இல், உத்தரமேருச் சதுர்வேதிமங்கலத்துச் சபை ஒரு தீர்மானம் செய்தது. ஊர் வேலைகளைப் பார்க்கும் வாரியத்துக்கு வருகிறவர் முப்பது வயதுக்கு மேலும் அறுபதுக்குள்ளும் இருக்க வேண்டும் என்றது. அரசன் ஆணைப்படி தத்தனூர் மூவேந்தவேளான் உடனிருந்து செய்த ஏற்பாடு அது. இரண்டே ஆண்டில், 921இல், சபை மறுபடி கூடியது. இம்முறை உடனிருந்த அதிகாரி சோமாசிப்பெருமான். விதிகளைத் திருத்தினார்கள். முப்பது முப்பத்தைந்தானது, அறுபது எழுபதானது.

கீழ் எல்லை ஐந்து வயது ஏற, மேல் எல்லை பத்து வயது ஏறியிருக்கிறது. இரண்டு வருஷம் நடத்திப் பார்த்த ஊர், இளையவர் இன்னும் கொஞ்சம் பொறுக்கட்டும், பெரியவர் இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறது. நான் அதை அப்படித்தான் படிக்கிறேன்.

நான் ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர். 2020 ஜூனில் 58 முடிந்து நான் ஓய்வு பெற வேண்டியது. அதற்கு முந்தின மாதம், கொரோனா முடக்கத்தின் நடுவில், அரசு ஓய்வு வயதை 59 ஆக்கியது. 2021 பிப்ரவரியில் அது 60 ஆனது. வீட்டுக்குப் போகத் தயாரான ஆளை வாசலிலேயே இரண்டு முறை திருப்பி அழைத்த மாதிரி இருந்தது. கடைசியில் 2022 ஜூன் 30 அன்று, வருவாய்க் கணக்காண்டான பசலி 1431 முடிந்த அதே நாளில், பதிவேடுகளை ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

மறுநாளிலிருந்து போன் அடிக்கவில்லை. வருஷா வருஷம் கிராமக் கணக்கைச் சரிபார்க்கும் ஜமாபந்தி வந்தால் எனக்குத் தூக்கம் கெடும். அடுத்த ஜமாபந்திக்கும் கெட்டது, ஆனால் எழுத அடங்கல் இல்லை. விடிகாலையில் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு நிற்பேன். "இன்னும் ஆபீஸ் உங்களை விடலையா?" என்று வீட்டில் கேட்பாள். அந்த நாட்களில்தான் கோயிலுக்குப் போய்க் கல்வெட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வேலையில் இருந்த காலமெல்லாம் அதைக் கடந்து போனவன், அப்போதுதான் உட்கார்ந்து படித்தேன்.

ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில், 1889இல், முதியோர் காப்பீட்டுச் சட்டம் வந்தபோது அதிலும் வயது எழுபதுதான். 1916இல் அதை 65 ஆகக் குறைத்தார்கள். நாம் இன்று பேசும் ஓய்வு வயதுக்கு அந்தச் சட்டத்தைத்தான் மூலமாகச் சொல்வது வழக்கம். அது பணம் கிடைக்கத் தொடங்கும் வயது. உத்திரமேரூர் எழுபது வேறு. ஊர் ஒருவரிடம் பொறுப்பை நம்பிக் கொடுக்கும் கடைசி வயது அது.

அந்த ஊரை நான் பொன்னுலகமாக வரைய மாட்டேன். அது பிராமணர் சபை. இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். பெண்களுக்கு இடமில்லை. ஏரியில் இறங்கி மண் சுமந்தவர்களுக்கும் இல்லை. என் முன்னோர் ஒருவருடைய பெயர்கூட அந்தக் குடத்துக்குள் விழுந்திருக்க வழியே கிடையாது. அதைத் தெரிந்துகொண்டுதான் படிக்கிறேன். ஆனாலும் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஒழுங்கில், பொறுப்பை விட்டு இறங்குவதைப் பற்றி அவர்கள் யோசித்திருந்த அளவுக்கு நம் அலுவலகங்கள் எதுவும் யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஊர் முப்பது குடும்பாகப் பிரிந்திருந்தது. குடும்பு என்றால் வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதி, கட்டி, குடத்தில் இடுவார்கள். சிறியவர் பெரியவர் எல்லோரும் இருக்க மகாசபை கூடும். ஊரிலிருக்கும் கோயில் பூசகர்களான நம்பிமார் ஒருவர் விடாமல் மண்டபத்தில் உட்காருவார்கள். அவர்களில் வயதில் மூத்தவர் எழுந்து, எல்லோரும் பார்க்கும்படி குடத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே என்ன வேறுபாடு என்று அறியாத ஒரு சிறு பிள்ளை, பகல் வெளிச்சத்தில், ஓர் ஓலையை எடுக்க வேண்டும். மத்தியஸ்தர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கிப் படிக்க வேண்டும்.

ஒரு மூத்த கை குடத்தைத் தாங்குகிறது, ஓர் இளைய கை ஓலையை எடுக்கிறது. நடுவயதுக்காரர்கள் பதவிக்கு வருவதற்கு இந்த இருவரும் வேண்டியிருக்கிறார்கள். அந்த மூத்தவருக்கு எழுபது கடந்திருந்தாலும் தடையில்லை, குடம் தூக்க வயது வரம்பு சொல்லவில்லை.

இப்படி வந்த முப்பது பேரில் பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம், பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம். பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் தனியாகக் குடவோலை. இவற்றில் சம்வத்சர வாரியத்துக்குத்தான் மதிப்பு அதிகம். அதற்கு எடுக்க வேண்டியவர்கள் யாரென்றால், முன்பே தோட்டத்தையும் ஏரியையும் பார்த்தவர்கள், கல்வியில் மூத்தவர்கள், வயதில் மூத்தவர்கள். மதகையும் மண்ணையும் கண்டு வந்தவரைத்தான் மேலே உட்கார வைத்தார்கள்.

பதவி முந்நூற்று அறுபது நாள். அது முடிந்தால் ஒழிய வேண்டும். அடுத்த மூன்று வருஷத்துக்கு அவர் பெயரைக் குடத்தில் இடக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: எந்தச் சமயத்திலும் அந்த ஊரில் பதவியில் இருப்பவர் ஒரு பங்கு என்றால், இறங்கி உட்கார்ந்திருப்பவர் குறைந்தது மூன்று பங்கு. இறங்கியவர் என்பது தனித்து நிற்கும் ஆள் இல்லை, தெருவுக்குத் தெரு அப்படிப்பட்டவர்கள். ஏரி வாரியத்தில் இருக்கும் ஆறு பேருக்கும் கலங்கல் எங்கே பலவீனம், எந்த வருஷம் கரை கசிந்தது என்று சொல்ல முன்னாள் ஆட்கள் பக்கத்திலேயே இருந்திருப்பார்கள். உத்திரமேரூரின் பெரிய ஏரி அப்போது வயிரமேக தடாகம். சோழருக்கு முன்பே, பல்லவன் தந்திவர்மன் காலத்திலேயே, அதைத் தூர் வாரப் பொன் கொடுத்திருக்கிறார்கள். இவ்வளவு காலம் நீடித்த ஏரியை ஒரு வருஷப் பதவிக்காரர்கள் காப்பாற்றினார்கள் என்றால், ஒழிந்தவர்களின் நினைவும் சேர்ந்துதான் காப்பாற்றியிருக்க வேண்டும்.

எங்கள் வருவாய்த் துறையில் இதற்கு நேர் எதிரான ஒன்று நடந்தது. 1980 நவம்பரில் தமிழக அரசு பழைய கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. 20,000க்கு மேற்பட்டவர்கள் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982இல் சட்டம் நிலைத்தது. அந்தப் பதவிகள் போனது நியாயம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தக் கதவு திறந்ததால்தான் என்னைப் போன்றவன் தேர்வு எழுதி அந்த நாற்காலிக்கு வர முடிந்தது. ஆனால் அவர்களுடைய தலைக்குள் இருந்த ஊரை யாரும் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை.

நான் முதலில் சேர்ந்த கிராமத்தில் அப்படிப் பதவி போன ஒரு கர்ணம் இருந்தார். தெருவில் பாதிப் பேர் அவரிடம் பேசுவதில்லை, பழைய மனத்தாங்கல்கள். வரத்துக் கால்வாய்த் தகராறு ஒன்றுக்காக நான் அவர் திண்ணையில் போய் நின்றேன். "எப்.எம்.பி. வரைபடத்துல கோடு இருக்கும் தம்பி, தண்ணி இருக்காது. வா, நடந்து பார்த்துடுவோம்" என்று செருப்பை மாட்டினார். அன்று மாலை வரை நடந்தோம். எந்தக் கல் எப்போது நகர்ந்தது, எந்த ஓடை எந்த வெள்ளத்தில் திசை மாறியது, எந்த மதகை முதலில் திறந்தால் கடைமடைக்கு எட்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். மடை திறக்கும் நீர்க்கட்டியின் முறை, அவருக்கு அளக்கும் நெல், எல்லாம் வாயில் இருந்தது. அதன் பிறகு என்னைக் கண்டால் அவரே கூப்பிட்டு ஏதாவது சொல்வார். யாராவது கேட்க வேண்டும் என்று அத்தனை காலம் காத்திருந்தார் என்பது என்னுடைய வயதில்தான் எனக்கு முழுதாகப் புரிகிறது.

உத்திரமேரூர் ஓய்வுக்குப் பிறகு இன்னொருவருக்கும் வேலை கொடுத்தது. தமிழகத் தொல்லியல் துறையின் முதல் இயக்குநர் இரா. நாகசாமி, 1970இல் பிரான்சுவா குரோவோடு சேர்ந்து உத்திரமேரூரைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். 1988இல் ஓய்வு பெற்றார். பதினைந்து ஆண்டு கழித்து, 2003இல், உத்திரமேரூருக்கென்றே இன்னொரு நூல் எழுதினார். கல்வெட்டை அவர் பதவிக்காகப் படிக்கவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

921 கல்வெட்டில் கணக்கருக்கு என்று ஒரு விதி இருக்கிறது. கணக்கு எழுதியவர் தன் காலத்துக் கணக்கைப் பெருமக்களிடம் காட்டி, சுத்தம் என்று பெயர் வாங்காமல் மறுபடி அந்த வேலைக்கு வர முடியாது. அதோடு, தான் எழுதிய கணக்கைத் தானே காட்ட வேண்டும். வேறு கணக்கரைக் கொண்டு முடித்துக் கொடுக்கக் கூடாது.

என் கணக்குகளை நான் ஒப்படைத்துவிட்டேன், ரசீதும் இருக்கிறது. அ-பதிவேடு, அடங்கல், சிட்டா எல்லாம் அதில் அடக்கம். அந்தக் கர்ணம் எனக்குக் காட்டியதும், அதற்குப் பிறகு நான் நடந்து கண்டதும் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அதை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏரி ஏரியாக மதகின் பெயர், கால்வாய் போகும் வழி, கலங்கல் எந்த ஆண்டு உடைந்தது, யார் நிலத்தின் வழியாக யாருக்குத் தண்ணீர் விடும் வழக்கம். காலையில் வெயில் ஏறுவதற்குள் கரையில் நடந்து சரிபார்க்கிறேன். பட்டா மனு எழுத வருகிறவர்களிடம் அவர்கள் பாட்டன் சொன்னதைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறேன்.

இப்போது இருக்கும் வி.ஏ.ஓ. ஒரு சின்னப் பெண், வேறு மாவட்டத்திலிருந்து வந்திருக்கிறாள். "ஐயா, நீங்க எழுதறதை ஒரு காப்பி குடுங்க" என்று கேட்டாள். காப்பி தருகிறேன்மா, ஆனால் மழைக்கு முன்னால் ஒரு நாள் என்னோடு நட என்று சொல்லியிருக்கிறேன். நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்து ஆட்கள் இரண்டு பேரும் வருகிறார்கள். மேல் மதகிலிருந்து தொடங்கிக் கடைமடை வரை போவதாகத் திட்டம்.