வெளிநாடுவாழ் பிலிப்பினோக்களின் குடும்ப நிலமும் வாரிசுச் சிக்கல்களும்

பிழைப்புக்காக பிலிப்பைன்ஸை விட்டு வெளியேறியவர்கள் ஊரில் விட்டுவந்த பூர்விக நிலம், பெற்றோர் காலத்துக்குப் பின் பாகம் பிரியாமல் நிற்பது அந்நாட்டுக் குடும்ப வாழ்வில் மிகப் பரவலாகக் காணப்படும் வழக்கு. வளைகுடா, ஹாங்காங், சிங்கப்பூர், இத்தாலி, அமெரிக்கா, கனடா என எங்கே இருந்தாலும் சம்பளத்தில் ஒரு பகுதி ஊருக்குப் போகிறது. 2023-இல் வங்கிகள் வழியாக மட்டும் சுமார் 3,350 கோடி டாலர் போனது. அந்தப் பணம் அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போக, மிச்சம் பெரும்பாலும் மனையிலும் வீட்டிலும் முடங்குகிறது. தகாலோக் மொழியில் நிலம் ‘லூப்பா’, வாரிசுச் சொத்து ‘மானா’, உரிமைச் சான்று ‘தித்துலோ’. உறவுக்குள் வரும் சண்டைகள் இந்த மூன்று சொற்களைச் சுற்றியே நடக்கின்றன.

பழைய வேர்

இது வளைகுடாக் காலத்தில் முளைத்த சிக்கல் என்று நினைப்பது தவறு. 1906 டிசம்பரில் 15 பிலிப்பினோக்கள் ஹவாய்த் தீவின் ஓலா கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போனார்கள். ‘சக்காடா’ எனப்பட்ட இந்தத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் பின்னாளில் இலோக்கோஸ் பகுதிக்காரர்களே அதிகம். இலோக்கோஸில் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்கு நிலம் கொடுப்பது வழக்கம். நிலம் இல்லாதவனுக்குக் கல்யாணமும் மரியாதையும் எட்டாது. ஹவாயில் சேர்த்த காசு ஊரில் வயலாக மாறியது. வயலை உழுதவர் அண்ணனோ மைத்துனரோ. வாங்கியவர் ஒரு கடலுக்கு அப்பால், உழுபவர் வரப்பின் மேல். இன்றைய தகராறுகளின் அச்சு அப்போதே வார்க்கப்பட்டுவிட்டது.

1974-இல் மார்கோஸ் அரசு தொழிலாளர் சட்டத்தின் மூலம் வெளிநாட்டு வேலையை அரசுக் கொள்கையாக ஆக்கிய பின் ஊர்களின் தோற்றமே மாறியது. பத்தாங்காஸ் மாகாணத்து மபீனியில், இத்தாலியில் வீட்டுவேலை செய்தவர்கள் இத்தாலியப் பாணியில் கட்டிய வீடுகள் வரிசையாக நிற்கின்றன. ‘குட்டி இத்தாலி’ என்றே அந்த இடத்துக்குப் பெயர். ஜீப்னி வண்டிகளிலும் வீட்டுச் சுவர்களிலும் ‘சவூதியின் சாறு’ என்று பொருள்படும் ‘கத்தாஸ் நாங் சௌதி’ என எழுதி வைப்பது ஒரு காலத்து நாகரிகம். யாருடைய பணம் என்பதைச் சுவரில் எழுதியவர்களில் பலர் தித்துலோவில் எழுதவில்லை.

பாகக் கணக்கு

பிலிப்பைன்ஸின் வாரிசுச் சட்டம் ஸ்பானிய வழியில் வந்தது. 1950 ஆகஸ்ட் 30 முதல் நடைமுறையில் உள்ள சிவில் சட்டத் தொகுப்பின்படி ஒருவர் இறந்த நொடியிலேயே அவருடைய சொத்து வாரிசுகளுக்குப் போய்விடுகிறது. பத்திரமோ தீர்ப்போ வரும்வரை காத்திருப்பதில்லை. பிள்ளைகளும் கணவன் அல்லது மனைவியும் கட்டாய வாரிசுகள். உயில் எழுதினாலும் அவர்களுக்கு உரிய அடிப்படைப் பங்கில் கைவைக்க முடியாது. ஒரு பிள்ளையை விலக்க வேண்டுமானால் உயிலிலேயே, சட்டம் சொல்லும் காரணத்தைக் காட்டித்தான் விலக்க வேண்டும். ‘துபாய்க்குப் போனவன் எட்டிப் பார்க்கவில்லை’ என்ற ஒன்றுக்காகப் பங்கு பறிபோகாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கல்யாணத்துக்குப் பின் வாங்கிய 300 சதுர மீட்டர் மனை; தகப்பனார் உயில் எழுதாமல் இறந்தார்; தாயும் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள். மனையில் பாதி முதலிலேயே தாயுடையது. மீதிப் பாதியைத் தாயும் பிள்ளைகளும் நான்கு சம பங்காகப் பிரித்துக்கொள்வார்கள். ஆகத் தாய்க்கு எட்டில் ஐந்து, பிள்ளைக்கு எட்டில் ஒன்று, அதாவது தலைக்கு 37.5 சதுர மீட்டர். ஒரு வண்டியை நிறுத்தி மாடிப்படி வைத்தால் தீர்ந்துவிடும் இடம். தகப்பனாருக்கு முறைப்படியல்லாத உறவில் ஒரு பிள்ளை உண்டு என்று தெரியவந்தால் அதற்கும் மற்றப் பிள்ளைகளின் பங்கில் பாதி உண்டு. கணக்கு பதினெட்டில் ஒன்று வரை இறங்கும்.

இந்தக் கடைசிப் பங்கு பிலிப்பைன்ஸில் அபூர்வமல்ல. முஸ்லிம்களுக்கான தனிச்சட்டம் நீங்கலாக அங்கே விவாகரத்து கிடையாது. வெளிநாட்டில் ஆண்டுக்கணக்கில் பிரிந்திருந்து, ஆளுக்கொரு துணையுடன் வாழ்பவர்களும் சட்டத்தின் கண்ணில் கணவன் மனைவிதான். ஆகவே இருபது வருடம் முகம் பார்க்காத மனைவி வாரிசாகிறார். கடைசி வரை கூட இருந்த துணைக்கு வாரிசுப் பங்கு இல்லை. அவர் பெற்ற பிள்ளைக்கு அரைப் பங்கு. சாவு வீட்டிலேயே இரண்டு குடும்பங்களும் முதன்முதலாக நேருக்கு நேர் பார்த்துக்கொள்வது உண்டு.

தாத்தாவின் பெயரில் தித்துலோ

பிலிப்பைன்ஸில் 1902-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அமெரிக்க ஆட்சி டாரன்ஸ் பதிவுமுறையைக் கொண்டுவந்தது. பதிவேட்டில் உள்ள பெயரே உரிமையாளர் என்பது அதன் சாரம். ஆனால் கிராமத்துப் பதிவேடுகளில் உள்ள பெயர்களில் பலவற்றுக்கு உரியவர்கள் கல்லறையில் இருக்கிறார்கள். தாத்தா இறந்தபோது யாரும் பெயர் மாற்றவில்லை. அப்பா இறந்தபோதும் மாற்றவில்லை. நிலவரியான ‘அமில்யார்’ மட்டும் ஊரில் இருப்பவர் கட்டிவருகிறார். வரி ரசீது உரிமைச் சான்று ஆகாது என்பது தெரிந்தும், கட்டியவர் மனத்தில் நிலம் தன்னுடையதாகவே ஊறிப்போகிறது.

பெயர் மாற்றாததற்குக் காரணம் சோம்பல் மட்டுமே என்று சொல்ல முடியாது. 1998 முதல் 2017 வரை இறந்தவர்களின் சொத்து வரி 20 சதவீதம் வரை ஏறும் படிக்கட்டு வரி. கட்டத் தவறினால் 25 சதவீத அபராதமும் ஆண்டுக்கு 20 சதவீத வட்டியும் சேர்ந்தன. வாரிசுகள் கையில் ரொக்கம் இல்லாதபோது வயலை விற்றுத்தான் வரி கட்ட வேண்டும். வரி கட்டாமல் வயலை விற்கவும் முடியாது. இந்த முடிச்சில் இரண்டு தலைமுறை போய்விட்டது. 2018 ஜனவரி முதல் வரி ஒரே சீராக 6 சதவீதம். 50 லட்சம் பெசோ பொதுக் கழிவும், குடியிருந்த வீட்டுக்கு 1 கோடி பெசோ வரை தனிக் கழிவும் உண்டு. இறந்த ஓராண்டுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் எந்தச் சாவுக்கும் அந்தச் சாவு நடந்த நாளின் சட்டமே பொருந்தும் என்பதால் பழைய பாக்கி அப்படியே நின்றது. 2019-இல் வந்த வரிமன்னிப்புச் சட்டம் அபராதத்தையும் வட்டியையும் நீக்கியது. இரண்டு முறை நீட்டித்து, 2022 மே 31 வரை இறந்தவர்களின் சொத்துக்கும் அதை விரித்து, 2025 ஜூன் 14-ஐக் கெடுவாக வைத்தார்கள்.

வரி கட்டினால் வருவாய்த் துறையின் அனுமதிச் சான்று கிடைக்கும். அது இல்லாமல் பதிவாளர் பெயரை மாற்றமாட்டார். தாத்தா, அப்பா என இரண்டு சாவு இருந்தால் இரண்டு கணக்கு, இரண்டு சான்று. அதற்குள் எட்டுப் பிள்ளைகள் நாற்பது பேரப்பிள்ளைகளாகி நான்கு நாடுகளில் சிதறியிருப்பார்கள்.

கையெழுத்து

உயிலும் கடனும் இல்லாத சொத்தை வாரிசுகள் நீதிமன்றம் போகாமலே பாகப் பத்திரம் எழுதிப் பிரித்துக்கொள்ளலாம். அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். செய்தித்தாளில் வாரம் ஒருமுறை மூன்று வாரம் அறிவிப்பு வர வேண்டும். அதன் பின்னும் இரண்டு ஆண்டுக்குத் தித்துலோவின் பின்புறம் ஒரு வில்லங்கக் குறிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும்.

ரியாத்திலோ டொரன்டோவிலோ இருப்பவர் நேரில் வர முடியாது. தூதரகத்தில் வரிசையில் நின்று பவர் பத்திரம் எழுதி அனுப்புகிறார். 2019 மே 14-இல் பிலிப்பைன்ஸ் அப்போஸ்தில் உடன்படிக்கையில் சேர்ந்த பிறகு, உடன்படிக்கையில் உள்ள நாடுகளிலிருந்து வரும் பத்திரங்களுக்குத் தூதரக முத்திரை தேவையில்லை. உள்ளூர் நோட்டரியும் அப்போஸ்தில் சான்றும் போதும். பவரில் எழுதும் சொல்லில்தான் விவகாரமே. ‘என் சார்பில் எல்லாம் செய்யலாம்’ என்று மொத்தமாக எழுதினால் அது விற்கும் உரிமை ஆகாது. நிலத்தை விற்க அதற்கென்றே எழுதிய அதிகாரம் வேண்டும். அவசரத்தில் அந்த வரியையும் சேர்த்தே தயாராக வரும் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, வீடு விற்றுப்போனதை ஃபேஸ்புக்கில் பக்கத்து வீட்டாரின் படத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டவர்களும் உண்டு.

பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் போய்விடும். இறந்தவர் பெயரில் முன்தேதியிட்ட விற்பனைப் பத்திரங்கள் வழக்குகளில் அடிக்கடி தலைகாட்டுகின்றன. இன்னொரு வழி, ‘நான் ஒருவனே வாரிசு’ என்று பிரமாணப் பத்திரம் எழுதி நிலத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வது. வெளிநாட்டில் இருக்கும் தங்கையைக் காகிதத்தில் அழித்துவிட இரண்டு பக்கம் போதும். தனக்குத் தெரியாமல் எழுதிய பாகப் பத்திரம் தங்கையைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதற்குள் நிலம், விவரம் அறியாமல் நல்லெண்ணத்தில் வாங்கிய ஒருவரிடம் போயிருந்தால் மீட்பது பெரும்பாடு.

விடுதலைப் பத்திரத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. ‘எனக்குப் பங்கு வேண்டாம்’ என்று பொதுவாக எழுதினால் வரி இல்லை. ‘என் பங்கைத் தம்பிக்கு மட்டும் கொடுக்கிறேன்’ என்று எழுதினால் அது தானம். தனியாக 6 சதவீத தான வரி.

அம்மா மனையில் என் வீடு

சண்டைகளில் கசப்பானது இதுதான். மகள் ஹாங்காங்கில் பதினைந்து வருடம் வேலை செய்து, பெற்றோர் மனையில் இருந்த மரவீட்டை இடித்துக் கான்கிரீட் வீடு கட்டுகிறாள். மனை அப்பா பெயரில். கட்டட அனுமதியும் அவர் பெயரிலேயே. சிமென்ட் வாங்கியது தம்பி. பணம் மாதாமாதம் மளிகைக் காசோடு கலந்து வந்தது. பெற்றோர் போன பின் உடன்பிறந்தவர்கள் வீட்டையும் சேர்த்தே பங்கு கேட்கிறார்கள்.

சட்டம் அவளைக் கைவிடவில்லை. நல்லெண்ணத்தில் கட்டியவருக்கு மனைக்காரர் ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது. மனையையே அவள் காசில் வாங்கி வேறொருவர் பெயரில் எழுதியிருந்தால், பெயர்காரர் அவளுக்காக நம்பிக்கையில் வைத்திருப்பதாகக் கொள்ளலாம். வாய்ச் சாட்சியும் செல்லும். ஆனால் பெற்றோர் பணம் கொடுத்துப் பிள்ளை பெயரில் வாங்கினால் அது அன்பளிப்பாகவே கருதப்படும். எப்படியானாலும் எந்த மாதத்துப் பணம் சிமென்ட்டுக்குப் போனது, எது மருந்துக்குப் போனது என்று காட்ட ரசீது வேண்டும். சொந்த அம்மாவிடம் யார் ரசீது கேட்பார்கள்?

ஊரில் இருந்தவரின் நியாயத்தையும் ஒதுக்க முடியாது. புயலில் பறந்த தகரத்தை மாற்றியவர், அமில்யார் கட்டியவர், படுக்கையில் கிடந்த தாயைக் கழுவித் துடைத்தவர் அவர்தான். வரிக்கும் பராமரிப்புக்கும் செலவிட்டதை மற்றப் பங்காளிகளிடம் கேட்டுப் பெறலாம். தாயைப் பார்த்துக்கொண்ட பதினைந்து வருடத்துக்கு பாகக் கணக்கில் ஒரு பத்தி கிடையாது. இந்தக் குறை சட்டத்தில் இருப்பதாகவே இக்கட்டுரை கருதுகிறது. பல அண்ணன்மார் நிலத்தை விட்டு இறங்க மறுப்பதற்குப் பேராசையைவிட இதுவே காரணம்.

எத்தனை வருடம் குடியிருந்தாலும் பங்காளிக்கு எதிராக அனுபவ பாத்தியம் எளிதில் வராது. ‘உன் பங்கை நான் ஒப்புக்கொள்ளவில்லை’ என்று வெளிப்படையாக அறிவித்த பிறகே காலம் ஓடத் தொடங்கும். ஊரில் இருப்பவர் பிரியாத நிலத்தை ‘சாங்லா’ வைத்திருந்தால் அது தனிச் சிக்கல். ‘சாங்லா-தீரா’ நம் ஒத்தியேதான்: பணம் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக வீட்டில் குடியிருப்பார், முதலைத் திருப்பிய பின் காலி செய்வார். விடுமுறையில் வரும் அக்காவுக்குக் கதவைத் திறப்பது முன்பின் தெரியாத ஒருவர்.

குடியுரிமை மாறினால்

வெளிநாட்டவர் தனியார் நிலம் வாங்க 1987 அரசியலமைப்பு இடம் தராது; வாரிசுமுறையில் வருவது மட்டும் விதிவிலக்கு. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற மகனும், அங்கேயே பிறந்த பேத்தியும் பாட்டி நிலத்தில் சட்டப்படி வரும் பங்கைப் பெறலாம். உயில் மூலம் யாரோ ஒரு வெளிநாட்டவருக்கு நிலம் எழுதிவைக்க முடியாது என்று முந்தைய அரசியலமைப்பின் கீழேயே 1982-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. பிறப்பால் பிலிப்பினோவாக இருந்து குடியுரிமை இழந்தவர் குடியிருக்க நகரில் 1,000 சதுர மீட்டரோ கிராமத்தில் ஒரு ஹெக்டேரோ வாங்கலாம். தொழிலுக்கானால் 5,000 சதுர மீட்டர் அல்லது 3 ஹெக்டேர். 2003-ஆம் ஆண்டின் இரட்டைக் குடியுரிமைச் சட்டப்படி உறுதிமொழி எடுத்துக்கொண்டால் இந்த வரம்புகளும் போய்விடும்.

வெளிநாட்டுக் கணவர் பணம் கொடுத்து மனைவி பெயரில் நிலம் வாங்குவது வழக்கம். ஆந்திப்போலோவில் அப்படி வாங்கிய ஒரு ஜெர்மானியர், மனைவியைப் பிரிந்த பின் பணத்தையாவது திருப்பிக் கேட்டார். தடை தெரிந்தே வாங்கியவருக்கு நியாயம் பேச இடமில்லை என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது.

விளைநிலம்

நெல்வயலானால் நிலச்சீர்திருத்தமும் குறுக்கே வரும். 1988 சட்டப்படி உரிமையாளர் 5 ஹெக்டேர் வரை வைத்துக்கொள்ளலாம். பிள்ளைக்கு 3 ஹெக்டேர் கிடைக்க வேண்டுமானால் 15 வயதாகி, நிலத்தைத் தானே உழவோ நேரடியாக மேற்பார்க்கவோ வேண்டும். ஜெட்டாவில் குழாய் பொருத்துபவரால் இரண்டும் ஆகாது.

வழக்கு

ஊர்த் தகராறுகள் பொதுவாக முதலில் அடிமட்ட நிர்வாக அலகான ‘பாரங்காய்’ அமைப்பின் சமரசக் குழு முன் போக வேண்டும். அங்கே இருவரும் ஒரே நகரிலோ ஊரிலோ வசிப்பவராக இருக்க வேண்டும், வக்கீலோ பிரதிநிதியோ இல்லாமல் நேரில் வர வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அந்தத் திண்ணை கிடையாது, நேரே நீதிமன்றம். ஆனால் உடன்பிறந்தவர்மேல் வழக்குப் போடுபவர், சமாதானத்துக்கு மெய்யாக முயன்று தோற்றதை மனுவில் சத்தியம் செய்து எழுத வேண்டும். இல்லையேல் மனு தள்ளுபடி.

பங்கைப் பிரித்துத் தரும்படி எந்தப் பங்காளியும் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். வெளியாருக்குத் தன் பங்கை விற்றால், எழுத்தில் அறிவித்த ஒரு மாதத்துக்குள் மற்ற வாரிசுகள் அதே விலைக்கு மீட்டுக்கொள்ளலாம். வீட்டைக் கூறுபோட முடியாது என்றால் ஒருவர் மற்றவர்களுக்குப் பணம் கொடுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கும் ஒத்துவராவிட்டால் வீட்டை விற்றுக் கிரயத்தைப் பிரிப்பார்கள். கட்டட ஈட்டுக்குக் காட்ட ரசீது இல்லாத ஹாங்காங் மகளுக்கும், ஊரைவிட்டு ஒருநாளும் போகாத தம்பிக்கும் ஒரே அளவு பணமே கைக்கு வரும்.