அங்கதச் சித்திரப் படிகளில் கோடும் வண்ணமும்

இங்கிலாந்தின் அரசியல் அங்கதச் சித்திரக்கலை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் கில்ரேயால் உச்சம் பெற்றது. அவர் செப்புத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்தெடுத்தார். அத்தகட்டிலிருந்து அச்சான படிகளுக்கு ஒவ்வொன்றாகக் கையால் நீர்வண்ணம் தீட்டப்பெற்றது. 1797 முதல் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் இயங்கிய ஹன்னா ஹம்ஃப்ரியின் கடை இவற்றை விற்றது. பிட்டும் நெப்போலியனும் உலக உருண்டையைப் பண்டம்போல் வெட்டிக்கொள்ளும் 1805ஆம் ஆண்டுச் சித்திரத்தின் படிகள், ஒரே தகட்டில் பிறந்தும் வண்ணத்தில் வேறுபடுகின்றன.

மறுபடிகள் இச்சிக்கலை மிகுவிக்கின்றன. 1798இல் வைமாரில் பெர்டூக் தொடங்கிய 'லண்டன் உண்ட் பாரிஸ்' இதழ், கில்ரேயின் சித்திரங்களைச் சிறிய அளவில் வேறு தகடுகளில் படியெடுத்து, கையால் வண்ணம் தீட்டி, ஜெர்மானிய மொழி விளக்கத்துடன் வெளியிட்டது. கில்ரே 1815இல் மறைந்தார். பின்னர் அவருடைய தகடுகளைப் பெற்ற ஹென்றி போன், 1851ஆம் ஆண்டுப் பதிப்பில் வண்ணமின்றி, பெரும்பாலும் தாளின் இருபுறமும் அச்சிட்டார். அவற்றுட் சிலவற்றிற்குப் பிற்காலத்தார் வண்ணம் ஏற்றினர்.

எனவே வைமார்ப் படியில் வண்ணம் சமகாலத்தது, கோடு பிறருடையது. பின்னர் வண்ணம் ஏற்றிய போன் படியில் கோடு கில்ரேயினது, வண்ணம் பிற்காலத்தது. ஓர் உடையின் நிறத்தைக் கொண்டு ஓவியரின் அரசியல் கருத்தை முடிவுசெய்யும் ஆய்வு இதனால் வழுவுடையதாகலாம். வண்ண வேறுபாட்டைப் பாடவேறுபாடாகக் கொண்டு, தாள், தகட்டின் தேய்வு, பின்புற அச்சு ஆகியவற்றோடு ஒப்பிட்டு மதிப்பிடுவதே ஏற்புடைய நெறியாகும்.