வோரம் பெர்சி: கொள்ளைநோய் அழிக்காத ஊர்

இங்கிலாந்தின் நார்த் யார்க்‌ஷயரில், மால்டன் நகருக்குத் தென்கிழக்கே, சுண்ணப்பாறைக் குன்றுகளின் மேற்கு ஓரத்தில் கூரையற்ற தேவாலயம் ஒன்று தனித்து நிற்கிறது. மேலே புல்வெளியில் நீள்சதுர மேடுகளும் பள்ளங்களும் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன. வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பார்த்தால் வீட்டு மனை எது, பின்கொல்லை எது, தெரு எது என்று பிரித்துச் சொல்லிவிடலாம். வோரம் பெர்சி என்ற ஊர் இருந்த இடம் இது. இடைக்காலத்தில் குடியொழிந்த ஊர்கள் இங்கிலாந்தில் ஏறத்தாழ 3,000 இருக்கின்றன. அவற்றுள் ஆய்வாளர்கள் மிக விரிவாகத் தோண்டிப் பார்த்த ஊர்களில் இதற்கு முதலிடம் உண்டு.

ஊர் ஏன் பாழானது என்று கேட்டால் பலரும் சொல்லும் விடை, 1348-49இல் நாட்டைச் சூறையாடிய பிளேக். கேட்டவருக்கும் சொன்னவருக்கும் வசதியான விடைதான். ஆனால் சான்றுகளின் முன் அது நிற்பதில்லை. வோரம் பெர்சி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகச் சிறுகச் சிறுகத் தேய்ந்தது. எஞ்சிய சில குடும்பங்களை வெளியேற்றியது நிலவுடைமையாளரின் முடிவு என்பதே இக்கட்டுரையின் வாதம். இதை நிறுவ ஊரின் இடிபாடு மட்டும் போதாது. சுற்றியிருந்த சிற்றூர்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆவணங்கள் காட்டும் வரிசை

முதலில் பிளேக்குக்கு முந்தைய நிலை. 1323ஆம் ஆண்டின் நில அளவைக் குறிப்பின்படி, விளைநிலத்தின் பெரும்பகுதி தரிசாகக் கிடந்தது. தானியம் அரைக்கும் இரண்டு ஆலைகளும் இடிந்திருந்தன. பஞ்சமும் ஸ்காட்லாந்துப் படைகளின் கொள்ளையும் வட இங்கிலாந்தை வாட்டிய காலம் அது. அந்த அடியிலிருந்து ஊர் மீண்டது.

பிறகு பிளேக் வந்தது. உயிர்ச்சேதம் பெரிதுதான். ஆனாலும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 1368இல், சுமார் 30 வீடுகளில் ஆட்கள் குடியிருந்தனர். 1403இல் ஊர் பெர்சி குடும்பத்தின் கையிலிருந்து ஹில்டன் குடும்பத்துக்கு மாறியது. 1458இல் குடியிருந்த வீடுகள் 16. நிலத்தை அடைத்து மக்களை வெளியேற்றியவர்கள் யார் என்று அறிய, கார்டினல் வுல்சியின் முயற்சியால் 1517இல் விசாரணைக் குழுக்கள் அமைந்தன. அவற்றின் பதிவில் வோரம் பெர்சியில் ஹில்டன் பிரபு நான்கு வீடுகளைப் பாழாக்கி, நான்கு ஏர்களை நிறுத்திய செய்தி இடம்பெறுகிறது. விசாரணை கணக்கில் எடுத்தது 1488க்குப் பிந்தைய நிகழ்வுகளை மட்டுமே. ஆக, கடைசி வெளியேற்றம் பிளேக்குக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு பிந்தியது.

பிளேக்குக்குப் பங்கே இல்லை என்பதல்ல. ஆள்பற்றாக்குறையால் கூலி ஏறியது. நல்ல நிலம் வேறெங்கோ காலியாக இருக்கையில் குடியானவர்கள் அங்கே நகர்ந்தார்கள். கம்பளிக்கு நல்ல விலை கிடைத்தபோது, கூலியாட்கள் பலர் உழும் வயலைவிட ஓரிரு இடையர்கள் மேய்க்கும் புல்வெளி நிலவுடைமையாளருக்கு லாபமாகத் தெரிந்தது. நோய் தொடங்கி வைத்ததைச் சந்தைக் கணக்கு முடித்து வைத்தது.

சுவரில் பதிந்த மக்கள்தொகை

புனித மார்ட்டின் தேவாலயத்தின் சுவர்களை அருகில் நின்று பார்ப்பவர் இதே கதையைக் கல்லில் படிக்கலாம். 10ஆம் நூற்றாண்டு மரக்கட்டடத்தின் இடத்தில் சிறிய கல் தேவாலயம் எழுந்தது. மக்கள் பெருகியபோது 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் தெற்கே ஒரு பக்கக்கூடமும், அடுத்த நூற்றாண்டில் வடக்கே இன்னொன்றும் சேர்ந்தன. பின்னர் கூட்டம் குறைய, இரண்டையும் இடித்தார்கள். அவற்றுக்கு வழிவிட்ட வளைவுகளைக் கல் வைத்து அடைத்தார்கள்; இடித்த கூடத்தின் சன்னல்களைக் கழற்றி அந்த அடைப்புச் சுவரிலேயே பொருத்திக்கொண்டார்கள். வளைவின் வெளிக்கோடும் அதற்குள் பொருந்தாமல் அமர்ந்திருக்கும் பழைய சன்னலும் இன்றும் கண்ணுக்குத் தெரிகின்றன.

நாற்பது கோடைகள்

லீட்ஸ் பல்கலைக்கழகப் பொருளியல் வரலாற்றாளர் மாரிஸ் பெரஸ்ஃபோர்ட் 1948இல் இந்த மேடுகளைக் கண்டார். 1950இல் தோண்டத் தொடங்கினார். அகழாய்வாளர் ஜான் ஹர்ஸ்ட் விரைவில் சேர்ந்துகொண்டார். 1990 வரை கோடைதோறும் தன்னார்வலர்கள் வந்து வேலை செய்தார்கள். குறுகலான குழிகளுக்குப் பதில் வீடு முழுவதையும் பரப்பாகத் திறந்து பார்க்கும் டென்மார்க் முறையை பிரிட்டனில் இடைக்கால ஊர்களுக்குப் பழக்கப்படுத்தியதும் இங்கேதான்.

ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த சுவர்த்தடங்களைக் கண்ட அவர்கள், குடியானவர் வீடுகள் வலுவற்றவை, தலைமுறைக்கு ஒருமுறை புதிதாகக் கட்டப்பட்டவை என்று முதலில் கருதினார்கள். 1989இல் ஸ்டூவர்ட் ராத்மெல் அதே தரவுகளை மீண்டும் ஆராய்ந்து வேறு முடிவுக்கு வந்தார். கூரையின் பாரத்தைத் தாங்கியவை சுவர்கள் அல்ல, இணையிணையாக நிறுத்தப்பட்ட வளைமரங்கள். மரச்சட்டம் பல தலைமுறைகள் நிலைத்திருக்க, இடைச்சுவர் மட்டுமே அவ்வப்போது மாற்றப்பட்டது. பூட்டுகளும் சாவிகளும், உள்நாட்டு ஊரான இங்கே கிடைத்த கடல்மீன் எலும்புகளும் இந்தப் பார்வைக்கு வலுச் சேர்க்கின்றன. ஒன்றுமில்லாத ஏழைகள் தாமாகவே கலைந்து போனார்கள் என்ற சித்திரம் இங்கே பொருந்தவில்லை.

அதற்காக வாழ்க்கை சுகமாக இருந்தது என்றும் முடிவுகட்ட முடியாது. தேவாலய வளாகத்தில் எடுத்த ஏறத்தாழ 700 எலும்புக்கூடுகளில், சிறுவர்களின் உயரம் இன்றைய சிறுவர்களைவிட வெகுவாகக் குறைவு. குழந்தைகள் ஒன்றரை, இரண்டு வயதுவரை தாய்ப்பால் குடித்ததையும் எலும்பின் வேதியியலே காட்டியது. 2017இல் வெளியான ஆய்வு, தேவாலய வளாகத்துக்கு வெளியே குழிகளில் கிடைத்த 137 எலும்புத் துண்டுகளைப் பற்றியது. இறந்தபின் கத்தியால் வெட்டியும் எரித்தும் சிதைக்கப்பட்ட, குறைந்தது பத்துப் பேருடைய எச்சங்கள் அவை. வெளியூர்க்காரர்களை ஒதுக்கிய செயலா, பஞ்சத்தில் நரமாமிசமா என்ற கேள்விகளை ஆய்வாளர்கள் தனித்தனியே சோதித்தார்கள். பற்களில் பதிந்திருந்த, ஒருவர் வளர்ந்த இடத்தைக் காட்டும் ஸ்ட்ரான்டியம் என்ற தனிமம், இறந்தவர்கள் இப்பகுதியினரே என்றது. இறந்தவர் எழுந்து வருவார் என்ற அச்சமே பொருத்தமான விளக்கம் என்று முடித்தார்கள். பரபரப்பான விடையைக்கூட மாற்று விடைகளோடு மோதவிட்டுப் பார்க்கும் இந்த ஒழுங்கை, ஊர் அழிந்த கதைக்கும் கடைப்பிடிக்க வேண்டும்.

சுற்றுவட்டாரத்தின் சாட்சி

இந்தத் தேவாலயத்தின் பங்கில் வோரம் பெர்சி, திக்செண்டேல், ரைஸ்தார்ப், பர்டேல், டௌதார்ப் என ஐந்து ஊர்கள் இருந்தன. இன்று ஊராக எஞ்சியிருப்பது திக்செண்டேல் மட்டுமே. ஒரே மண், ஒரே காலநிலை, ஒரே நோய். ஆனால் முடிவுகள் வேறு. நோய் ஒன்றே காரணமானால் இந்த வேறுபாட்டை விளக்க வழியில்லை.

வோரம் பெர்சியில் வீடுகள் போனபின்னும் தேவாலயம் இயங்கியதற்கு, பங்கில் மற்ற ஊர்களும் இருந்ததே காரணம். 1870இல் தங்கள் ஊரிலேயே தேவாலயம் எழும்வரை திக்செண்டேல் மக்கள் குன்று கடந்து இங்கே வந்தார்கள். 1853இல் கீழ்ப்பள்ளத்தாக்கில் மால்டன்-டிரிஃபீல்ட் ரயில்பாதை திறந்தது. பர்டேல் குகைப்பாதை வழியாகச் சுண்ணப்பாறையும் பயணிகளும் போய்வந்தார்கள். 1949இல் வழக்கமான வழிபாடு நின்றது. 1958இல் ரயில்பாதை மூடப்பட்டது. அடுத்த ஆண்டு கோபுரத்தின் ஒரு பகுதி சரிந்தது. 1500ஐ ஒட்டி எல்லாம் முடிந்துவிட்டதாகச் சொல்வது இந்த நான்கரை நூற்றாண்டு வாழ்வைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறது.

வோரம் பெர்சியிலேயே தோண்டப்பட்டது பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அடுத்த கட்ட ஆய்வு இங்கே இன்னொரு வீட்டைத் திறப்பதைவிட, ரைஸ்தார்ப், பர்டேல், டௌதார்ப் ஆகியவற்றின் நில உரிமை ஆவணங்களை ஊர்வாரியாக அடுக்கி, திக்செண்டேலோடு ஒப்பிடுவதில் தொடங்குவது பயனளிக்கும். எந்த ஊரில் நிலம் ஒரே கையில் குவிந்தது, எங்கே பலரிடம் பிரிந்து கிடந்தது என்ற ஒப்பீடு, ஹில்டன் பிரபுவின் செயல் தனிப்பட்டதா, வட்டாரப் போக்கா என்பதைத் தீர்மானிக்கும்.